டைனமோவில் கேட்ட கச்சேரி

எனக்கு வந்த கலியாணப் பேச்சோடு ஒரு கசெற்றும் வந்தது. நாங்கள் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரத்துக்கு வந்து இரண்டாவது மாரி அது. லண்டனில் இருந்த அண்ணாவின் கடிதம், மாப்பிள்ளையின் படம், கசெற் மூன்றையும் வவுனியா நெளுக்குளத்தில் இருந்த சித்தி, எங்கள் பக்கம் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அந்த மனிதர் சைக்கிளை விட்டு இறங்க முன்பே கசெற்றைப் பற்றித்தான் முறைப்பட்டார்.

"பிள்ளை, உந்தச் சாமானாலை என்னை ஆமிக்காரன் மறிச்சு வைச்சிட்டான். செற்றிலை போட்டுக் கேட்டான். கேட்டுப்போட்டு என்னை ஒரு மாதிரிப் பாத்தான். பிறகு, கொண்டு போ எண்டு தந்திட்டான்."

அம்மா கடிதத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் தம்பியும் கசெற்றைப் பறித்தோம். கறுப்பு அட்டையில் ஒரே புகை. புகைக்கு நடுவே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த முதுகு எங்களுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அண்ணா ஒரு ரெக்கோடிங் கடையில் வேலை செய்தார். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் அந்தக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்த கசெற்றுகளில் ஒன்று இந்த இங்கிலாந்துக் குழுவினுடையது. சினிமாப் பாட்டுக்கு வந்து நிற்கிறவர்கள் நடுவே அதைக் கேட்க ஒருவரும் இல்லை. அண்ணா ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கறுப்பு உடுப்புப் போட்டு, கண்ணுக்கு மை பூசிய ஆண்கள். தொண்டையின் அடியிலிருந்து பாடுகிற ஒருவர். இதைக் கோதிக் ரொக் என்று சொல்வார்கள் என்று அண்ணா சொல்லித் தந்தார். அம்மா அதைப் பேய்ப்பாட்டு என்றார். எனக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். நான் கேட்ட மற்றப் பாட்டுகள் எல்லாம் கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி முடிந்தன. இவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பிடித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அண்ணா போன பிறகு அந்தக் கசெற்றும், பிறகு அவர் அனுப்பிய இரண்டொன்றும் எங்களோடு கிளிநொச்சி வரை வந்தன. அங்கிருந்து கிளம்பியபோது எடுக்க முடிந்தவற்றில் அவை இருக்கவில்லை.

அம்மா கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே வந்தார்.

"கொண்ணன் எழுதியிருக்கிறான், பெடியனுக்கும் இந்தப் பேய்ப்பாட்டு விசராம். இது ஏதோ மேடையிலை பாடேக்கை எடுத்ததாம். அதுக்கு அவரும் போனவராம். நீ கேட்டுப்போட்டு எப்பிடி எண்டு எழுதட்டாம்." கொஞ்சம் நின்றுவிட்டு, "பொம்பிளை பாக்கிற ஆள் உதையோ கேக்கிறது?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதுவரை வந்த பேச்சுகளில் ஒருவரும் என்னிடம் எதையும் எப்படி என்று கேட்டதில்லை.

கேட்பதுதான் பாடு. ஆமி விடாததால் வன்னிக்குள் பற்றரி வருவதில்லை. கரண்ட் என்ற சொல்லையே நாங்கள் மறந்திருந்தோம். எங்களிடம் இருந்த பழைய ரேப் ரெக்கோடரைச் சைக்கிள் டைனமோவில் கொளுவி வானொலி கேட்போம். வானொலிக்கு அது போதும். எங்கள் சைக்கிளின் டைனமோ தேய்ந்துபோனதால், பக்கத்து வளவில் இருந்த பெரியக்காவின் சைக்கிளைத்தான் பிடிக்க வேண்டும். பெரியக்கா மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, தோட்டம் செய்து வாழ்ந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பெரியக்காதான். அவருடைய புருசன் விறகுக்குப் போய் வந்த பிறகு சைக்கிள் சும்மா நிற்கும்.

"நானே மிதிக்கிறேன் டீச்சர். ஒக்காந்து மிதிக்கிறதுல என்ன கஷ்டம்? எனக்கும் பாட்டுக் கேட்ட மாதிரி ஆச்சு" என்றார்.

சைக்கிளைப் பின்னங்கால் ஸ்டாண்டில் நிறுத்தி, பெரியக்கா ஏறி உட்கார்ந்தார். தம்பி வயரைப் பூட்டினான். பின்னேரம், மழை விட்டிருந்தது. முதலில் சனத்தின் இரைச்சல் வந்தது. ஆயிரக்கணக்கான மாடுகள் ஒன்றாகக் கத்துவது போல ஒரு தடித்த சத்தம். பிறகு மேளம். ஒரு அடி. நாங்கள் அடுத்த அடிக்குக் காத்திருந்தோம். அது தன்பாட்டில், வர விரும்பாதது போல, வந்தது. அதன் மேல் பாடகருடைய குரல். நாங்கள் யாழ்ப்பாணத்தில் கேட்ட குரல் ஒரு கிணற்றின் ஆழம் என்றால், இது கிணற்றுக்கும் கீழே இருந்து வந்தது.

பாட்டு முடிந்ததும் தம்பி சொன்னான்: "ஆளுக்கு வயது போட்டுது. இழுக்கேலாமல் இழுக்கிறார்."

"இழுக்கேலாமல் இல்லையடா. வேணுமெண்டுதான் மெதுவாப் பாடுறார்."

"இந்தப் பாட்டு எப்பிடி ஓடுற பாட்டு? உனக்கு மறந்துபோச்சே அக்கா? கேட்டால் நெஞ்சு அடிக்கும். இது செத்த வீடு."

"செத்த வீட்டு மோளம்தான் தம்பி" என்று பெரியக்கா மிதித்துக்கொண்டே சொன்னார். "எங்க தோட்டத்துல பொணம் தூக்கறதுக்கு முந்தி தப்பு அடிப்பாங்க. இப்படித்தான், ஒண்ணு அடிச்சுட்டு நிப்பாட்டுவாங்க. மனசு அடுத்த அடிக்கு ஏங்கும். நல்லாத்தான் அடிக்கிறாங்க."

அன்றிலிருந்து அந்த மாரி முழுவதும் எங்கள் வளவில் இந்தச் சண்டைதான். தம்பிக்கு, பழைய குழு பழைய கசெற்றோடு முடிந்துவிட்டது. மேடையில் பாடி விற்பதெல்லாம் பழைய பேரைச் சாப்பிடுகிற வேலை. வயது போன ஆட்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பான். எனக்கு நேர் எதிர். இருபது வருடமாக ஒரே பாட்டைப் பாடுகிறவர், அந்தப் பாட்டுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பெரியக்காவுக்கு இரண்டாவது பாட்டுத்தான் பாட்டு. மற்றவற்றுக்கு மிதிக்கும்போது அவர் வெற்றிலை போடுவார். இரண்டாவது பாட்டுக்கு வாயை அசைக்க மாட்டார்.

வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் பெரியக்கா மிதியை நிறுத்துவார். பாடகர் ஒரு உறுமலோடு அடங்கிப்போவார். எல்லோரும் காது கொடுத்து நிற்போம். சத்தம் தூரப் போனதும் அவர் அதே உறுமலோடு எழும்பி வருவார். தம்பி மட்டும் அந்த நேரத்திலும், "இப்பதான் நல்லாப் பாடினார்" என்பான்.

நான் ஒரு இடத்தில் உட்கார்ந்து இருந்து கேட்டதில்லை. அந்த நாட்களில் என்னால் எங்குமே இருக்க முடியவில்லை. தகரக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தேன். அங்கேயும் கொட்டிலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்துகொண்டே இருப்பேன். பிள்ளைகள் தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்துப்போவார்கள். வீட்டுக்கு வந்தால் மண்ணெண்ணெய் வரிசை, தண்ணீர், அடுத்ததாக எங்கே போக வேண்டி வரும் என்ற கதை. லண்டனுக்குப் போவது என்றால் அது எப்படி என்று யோசிப்பேன். அடுத்த நிமிடம் அம்மாவையும் தம்பியையும் விட்டுப் போவதா என்று யோசிப்பேன். முற்றத்தில் மழை ஈரத்தில் நான் நடந்த தடம் ஒரு பாதை மாதிரிப் பதிந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நிலத்தை ஏன் போட்டு மிதிக்கிறாய்? மிதிக்கிறதெண்டால் போய்ச் சைக்கிளை மிதி. அந்த மனுசி பாவம்" என்றார்.

நானும் ஒருநாள் மிதித்துப் பார்த்தேன். என் மிதியில் பாட்டு பாம்பு மாதிரி நெளிந்தது. பெரியக்காவின் கால்தான் ஒரே சீராகப் போகும். அதனால் அவர் மிதிப்பதுதான் பாட்டின் சரியான ஓட்டம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் வேறு கசெற் இல்லை.

மாப்பிள்ளைக்கு எழுதினேன். நலம் விசாரித்த வரிகள் போக மீதி முழுவதும் பாட்டுத்தான். இவ்வளவு சனம் முன்னால் நின்று கத்தும்போது, அவர்கள் கேட்ட வேகத்தைக் கொடுக்காமல் தன் வேகத்தில் பாட ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எழுதினேன். இரண்டாவது பாட்டில் மேளத்துக்கும் மேளத்துக்கும் இடையில் உள்ள அமைதியைப் பற்றி நீளமாக எழுதினேன். தம்பியின் அபிப்பிராயத்தையும், பெரியக்கா சொன்ன தப்பு மேளத்தையும் சேர்த்தேன். அம்மா, "கலியாணத்தைப் பற்றி ஏதும் எழுதினியோ?" என்று கேட்டார். "ஓம், எல்லாம் எழுதியிருக்கு" என்றேன்.

பதில் வர மாரி முடிந்து சிறுபோக நெல் விதைப்பே தொடங்கிவிட்டது. சித்தி அனுப்பிய உறைக்குள் மாப்பிள்ளையின் கடிதம். மரியாதையான எழுத்து. ஆனால் குழம்பிப்போயிருந்தார்.

நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு மறுபடியும் போட்டுக் கேட்டேன், எந்த இடத்தில் மெதுவாகப் பாடுகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை, அன்றைக்கு அவர்கள் முன்பைவிட வேகமாக வாசித்தார்கள், நாங்கள் எல்லோரும் துள்ளிக்கொண்டுதான் நின்றோம், இரண்டாவது பாட்டில் அமைதி என்று ஒரு இடமே இல்லை, உங்களுக்குக் கேட்க வசதி கிடைக்கவில்லை என்றால் பரவாயில்லை, அதை நேரே எழுதியிருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. கேட்காமலே கேட்டதாக எழுதினேன் என்கிறார். தம்பியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். எங்களுக்குள் எவ்வளவு சண்டை இருந்தாலும் இதில் அவன் என் பக்கம்தான் நின்றான்.

"வேகமோ? இதுவோ? ஆள் கச்சேரிக்குப் போனது மெய்யோ எண்டு கேட்டு எழுது."

உடனே பெரியக்காவைக் கூப்பிட்டு மறுபடியும் போட்டோம். மெதுவாகத்தான் இருந்தது. முன்பைவிட மெதுவாக இருந்தது போலக்கூட எனக்குப் பட்டது. அவருக்கு நான் பதில் எழுதவில்லை.

அந்த வருடம் அம்மாவின் கண்ணில் பூ விழுந்து, ஒரு கண் முழுதாக மறைத்துவிட்டது. வவுனியா ஆஸ்பத்திரியில் வெட்டலாம் என்றார்கள். இயக்கத்தின் பக்கம் ஒரு பாஸ், ஆமியின் பக்கம் ஒரு பாஸ் என்று அலைந்து, துணைக்கு நான் போகலாம் என்று கிடைத்தது. தம்பி வயதுப் பெடியன்களுக்குக் கேட்டும் பிரயோசனம் இல்லை. கசெற்றை உடுப்புக்குள் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை சொன்னது பொய் என்று எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

நெளுக்குளத்தில் சித்தி வீட்டில் சுவரில் ஆளியைத் தட்டினால் மின்விளக்கு எரிந்தது. முதல்நாள் நான் அதை இரண்டு மூன்று தரம் தட்டிப் பார்த்தேன். அம்மாவின் கண் வெட்டி முடிந்து, கட்டோடு அவர் படுத்திருந்த ஒரு பகலில், விறாந்தையில் இருந்த சித்தியின் செற்றில் கசெற்றைப் போட்டேன்.

சனம் கிறீச்சிட்டது. மாடுகள் இல்லை, மனிதர்கள், பெரும்பாலும் பொம்பிளைப் பிள்ளைகள். நான் திடுக்கிட்டு நிமிர முன்பே மேளம் படபடவென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. கிற்றார் அதன் பின்னால் ஓடியது. பாடகர் ஒரு இளந்தாரி மாதிரி, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு பாடினார். இரண்டாவது பாட்டு வந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதிய அமைதியைத் தேடினேன். அந்த இடத்தில் சனம் கை தட்டிக்கொண்டிருந்தது.

செற்றில்தான் பிழை என்று நினைத்தேன். நிறுத்தி, எடுத்து, திருப்பிப் போட்டேன். பிறகு சித்தியின் சினிமாப் பாட்டுக் கசெற் ஒன்றைப் போட்டேன். அது எப்போதும் கேட்கிற மாதிரிச் சரியாகப் பாடியது. அப்போதுதான் விளங்கியது. டைனமோவின் கரண்டுக்கு வானொலி பேசும். ஆனால் கசெற்றைச் சுற்றுகிற மோட்டருக்கு அது காணாது. அது தன்னால் முடிந்த அளவுக்குச் சுற்றியது. அவ்வளவு நாளும் நாங்கள் சண்டை பிடித்தது பாடகருடைய வயதைப் பற்றியும் இல்லை, துணிவைப் பற்றியும் இல்லை.

உள்ளேயிருந்து அம்மா கேட்டார்: "இது வேறை கசெற்றோ பிள்ளை?"

"இல்லையம்மா. அதுதான்."

"அது நல்லா இருந்தது. இது ஏன் இப்பிடிக் கத்துறாங்கள்?"

பேய்ப்பாட்டை நல்லது என்று அம்மா சொன்னது அதுதான் முதல்தடவை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரோட்டுக்குப் போய், கடை வரை நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பி நடந்தேன்.

நாங்கள் வவுனியாவில் நிற்பதைச் சித்தி அண்ணாவுக்கு அறிவித்திருந்தார். அவர் மாப்பிள்ளையிடம் சொல்ல, இன்ன நாள் ரவுனிலுள்ள கொமினிக்கேசன் கடைக்கு ரெலிபோன் எடுப்பார் என்று செய்தி வந்தது. அங்கே பெட்டி மாதிரி ஒரு அறை, கதவு சாத்தாது. வாங்கில் காத்துக்கொண்டு இருந்த சனம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. கலியாணக் கதையை எதிர்பார்த்து அவர்கள் இருந்திருக்க வேண்டும்.

"கோவமோ?" என்று அவர் கேட்டார். நான் நினைத்ததைவிட மெல்லிய குரல். "பதில் போடேல்லை."

"நீங்கள் சொன்னதுதான் சரி" என்றேன். "இங்கை கரண்டிலை போட்டுக் கேட்டனான். அது வேகம்தான்."

"அப்ப அங்கை எதிலை கேட்டனீங்கள்?"

சொன்னேன். டைனமோ, பெரியக்கா, மிதி எல்லாம். அவர் சிரிக்கத் தொடங்கினார். அண்ணா பக்கத்தில் நின்றிருக்க வேண்டும், அவருக்கும் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். பிறகு, "ஐயோ பாவம். இங்கை வந்தால் நல்ல செற்றிலை கேக்கலாம்" என்றார்.

அந்தப் 'பாவம்' என்னைக் குத்தியது.

"எனக்கு நல்ல செற்றிலை கேட்டது பிடிக்கேல்லை" என்றேன். வாங்கில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அது எல்லாக் குழுவும் பாடுற மாதிரித்தான் இருக்கு. நாங்கள் கேட்டதுதான் பாட்டு."

"அது பிழையான ஓட்டம் எல்லோ?"

"பிழை எண்டு எனக்கும் தெரியும். பிடிச்சது எது எண்டுதானே கேட்டனீங்கள்?"

தூரத்துக் கம்பியில் ஒரு இரைச்சல் கேட்டது. நான் கேட்டேன்: "நான் பொய் எழுதினனான் எண்டு நினைச்சனீங்களோ?"

"ஓம்" என்றார். "கொஞ்சம் நினைச்சனான்."

அதற்குப் பிறகு அம்மாவின் கண்ணை விசாரித்தார். சொன்னேன். வைத்துவிட்டோம். சித்தி வாசலில் நின்று, "என்னவாம்?" என்றார். "பாட்டைப் பற்றிக் கதைச்சம்" என்றேன். சித்தி தலையில் கை வைத்தார்.

ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பி வந்து விசயத்தைச் சொன்னபோது தம்பி முதலில் நம்பவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப ஆளுக்கு வயது போகேல்லையோ?"

"இல்லையடா. நல்லாத் துள்ளிப் பாடுறார்."

அவன் ஓடிப்போய்ப் பெரியக்காவைக் கூட்டிவந்தான். "பெரியக்கா, இண்டைக்கு ஒருக்கால் ஓடுற மாதிரி மிதியுங்கோ. காட்டுக்கை யானை கலைச்சால் எப்பிடி மிதிப்பியள், அப்பிடி."

பெரியக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார். சைக்கிள் முழுவதும் ஆடியது. சில்லு பறந்தது. பாட்டு மெல்ல மெல்ல எழும்பி, குரல் மேலே ஏறி, ஒரு சின்ன நேரத்துக்கு நான் நெளுக்குளத்தில் கேட்ட பாட்டுக்குக் கிட்ட வந்தது. தம்பி கையை உயர்த்திக்கொண்டு துள்ளினான். பிறகு பெரியக்காவுக்கு மூச்சு முட்டியது. பாட்டு இறங்கி, இறங்கி, எங்களுக்குப் பழகிய இடத்துக்கு வந்து நின்றது.

"எனக்கு இதுதான் நல்லா இருக்கு" என்றார் பெரியக்கா, இளைத்துக்கொண்டே. "அந்த ஓட்டத்துல அழுவறதுக்கு நேரமே இல்ல." தம்பி இன்னொரு தடவை கேட்டான். அவர் முடியாது என்றுவிட்டார். அவன் தானே ஏறி மிதித்தான், கேட்க முடியாமல் மிதிப்பதிலேயே களைத்துப்போனான்.

மாப்பிள்ளையிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பு என்று எழுதவில்லை. ஒரு பழைய செற்றை எடுத்து, பற்றரி தேயும் வரை நாட்கணக்காக ஓடவிட்டு, அது சாகிற நேரத்தில் இந்தக் கசெற்றைப் போட்டுக் கேட்டேன் என்று எழுதியிருந்தார். முதலாவது பாட்டு உங்கள் தம்பி சொன்ன மாதிரித்தான், தாங்க முடியவில்லை, ஆனால் இரண்டாவது பாட்டில் நீங்கள் சொன்ன இடம் வந்தபோது, நான் அந்தக் கச்சேரியில் நின்ற ஞாபகமே மாறிப்போனது போல இருந்தது, அதற்குள் பற்றரி முடிந்துவிட்டது என்றிருந்தது. மற்றப் பாட்டுகளைப் பற்றி என் கருத்து மாறவில்லை என்றும் கடைசியில் ஒரு வரி.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு நம்பிக்கை தந்தது. அம்மாவிடம் ஓம் என்று சொன்னேன். அம்மா பல நாளாகக் காத்திருந்த அந்தச் சொல் வந்ததும் குசினிக்குள் போய் இருந்து அழுதார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் முன்னையதைவிட மோசம். பாஸ் விண்ணப்பம், அதற்கு ஒரு கையெழுத்து, கையெழுத்துப் போடுகிறவர் இடம்பெயர்ந்துவிட்டார் என்ற செய்தி. தம்பியோடு எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்தேன். அவனை விட்டுப் போகிறேன் என்பதைச் சொல்லாமல் இருக்க அது ஒரு வழி. அவனும் அதைத் தெரிந்துகொண்டே சண்டை பிடித்தான். ஒருநாள் மட்டும், "நீ போ அக்கா. அம்மாவை நான் பாக்கிறன். போகாமல் இருந்து நடந்து நடந்து என்னை விசராக்காதை" என்றான்.

கடைசியாகப் பாஸ் எழுதுகிற இடத்துக்குக் கூப்பிட்டார்கள். என்னை வழியனுப்ப அம்மாவும் வந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "என்னத்துக்குப் போறீங்கள்?"

"கலியாணத்துக்கு."

"மாப்பிள்ளை என்ன வேலை?"

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். எந்தப் பாட்டு அவருக்குப் பிடிக்கும், எந்த இடத்தில் கிற்றார் கூடிப்போனது என்று அவர் நினைக்கிறார், எல்லாம் தெரியும். வேலை என்ன என்று அண்ணாவின் முதல் கடிதத்திலேயே இருந்திருக்க வேண்டும். நான் அதைப் பார்க்கவே இல்லை.

"பெற்றோல் ஷெட்டிலை மனேச்சர்" என்று அம்மா பின்னாலிருந்து சொன்னார். "பின்னேரத்திலை கணக்கியல் படிக்கிறார். மூண்டு சகோதரம், இவர்தான் மூத்தது."

அவர் எழுதினார். வெளியே வந்ததும் அம்மா என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் என்னத்தையடி நீங்கள் எழுதிக்கொண்டிருந்தனீங்கள்?"

வவுனியாவுக்குப் போகிற வாகனம் வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏறினேன். உட்கார்ந்து இருக்க இடம் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.